தாலி கட்டிய நேரம் பத்து ஐம்பத்தொன்று

கமரா வைத்துப் பிழைக்கிறவனுக்கு மழையும் தொல்லை, மின்வெட்டும் தொல்லை, கண்ணை மூடுகிற மாப்பிள்ளையும் தொல்லைதான். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, இனிமேல் கமரா என்னவாகும் என்று சொல்ல வருகிற மனிதன். இதை வாசிக்கிற உங்களில் கராஜ் நடத்துகிறவரோ தையல் கடை வைத்திருப்பவரோ இருந்தால் நான் சொல்வது விளங்கும். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். பக்கத்துக் கடையிலிருந்து வந்து, உங்கள் கதிரையில் இருந்து, உங்கள் தேநீரைக் குடித்து, உங்கள் தொழில் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு வாய்த்தவர் நவம் மாஸ்டர். மல்லாவியில் என் ஸ்ரூடியோவுக்கும் அவருடைய கொம்பியூட்டர் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. அவர் படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் சொன்னவற்றில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. எந்தக் கதிரையில் இருந்து சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது.

ஐந்து வருடம்

சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் மாஸ்டர் வவுனியாவுக்குப் போய், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டிஜிட்டல் கமராவோடு வந்தார். அதை என் மேசையில் வைத்து, பிலிமுக்கு இன்னும் ஐந்து வருடம்தான் என்றார். அன்று பின்னேரமே நான் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய் நாற்பது பிலிம் சுருள் வாங்கி வந்தேன். எனக்கு அவ்வளவு பிலிம் தேவையாக இருக்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, கடை வாசலில் நின்று பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினேன்.

ஐந்து வருடம் என்றாரே, இரண்டு வருடத்திலேயே ஆட்கள் மாறிவிட்டார்கள். ஒரு கலியாணவீட்டில் பொம்பிளையின் சின்னம்மா என் கமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பின்பக்கத்தில் படம் தெரியும் என்று தேடியிருக்கிறா. கழுவினால்தான் தெரியும் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவா நம்பவில்லை. சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னா:

"பின்னால ஒண்டும் தெரியேல்லையே அண்ணை. நீங்கள் உண்மையாப் படம் எடுத்தனீங்களோ?"

நூறு வருடத் தட்டு

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கி, சனம் ஊரைவிட்டு ஓடியது உங்களுக்கும் தெரியும். நெகட்டிவ் எல்லாம் எங்கே போயிற்று என்று இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. திரும்பி வந்து, அதே இடத்தில் தகரம் போட்டுக் கடை திறந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் திறந்தார். வந்த முதல் கிழமையே அடுத்த ஆரூடம். இனிமேல் அல்பம் வேண்டாம் அண்ணை, எல்லாவற்றையும் சீடியில் எழுதிக் கொடுங்கள், ஒரு சீடி நூறு வருடம் இருக்கும் என்றார். முதல் தடவை நம்பாமல் கெட்டதால் இந்தத் தடவை நம்பினேன். ஊரில் நடந்த அத்தனை கலியாணத்தையும் தட்டில் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது மாரிமழையோடு தட்டுகளில் பூஞ்சணம் பிடித்து வெள்ளி உரியத் தொடங்கியது. தண்ணீரூற்றிலிருந்து நசார் நானா ஒருநாள் வந்தார். அவருடைய மகளின் கலியாணத்தை ஆறு சீடியில் கொடுத்திருந்தேன். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம் செய்த முதல் நல்ல காரியம் அது. மனிதன் ஏசவில்லை. ஆறையும் கயிற்றில் கட்டிக் கச்சான் கடலைத் தோட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறாராம். அவருடைய அயலவருக்கும் தோட்டம் இருக்கிறதாம்.

"படம் போனது போகட்டும் தம்பி. இப்ப மயில் ஒண்டும் கிட்ட வாறேல்லை, உதில இன்னும் நாலு தட்டு இருந்தாத் தாரும்."

நகத்தளவு

சீடி கதை முடிந்ததும் மாஸ்டர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் சின்னவிரல் நகத்தைக் காட்டினார். இனிமேல் இந்த அளவு மெமரி காட்டில் முழுத் துணுக்காய்ப் பிரிவின் கலியாணங்களும் அடங்கும், பெரிய காட் ஒன்றை வாங்கிப் போட்டால் சாகும்வரை மாற்றத் தேவையில்லை என்றார். யார் சாகும்வரை என்று அவர் சொல்லவில்லை. நான் வாங்கினேன். செத்தது காட். ஒரு சாமத்தியவீடு முழுக்க, தண்ணி வார்ப்பிலிருந்து ஆராத்தி வரைக்கும், அதற்குள் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் தாய் திரும்பவும் எல்லோரையும் கூப்பிட்டா. அதே சேலை, அதே மாலை, அதே பலகாரத் தட்டுகள். மாமிமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆராத்தி எடுத்தார்கள். அன்றோடு பெரிய காட்டை நான் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். யாரும் வாங்காத மிகச் சிறிய காட்டுகளாகப் பார்த்து எட்டு வாங்கி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, நூற்றைம்பது படத்துக்கு ஒருதரம் மாற்றினேன். மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் இன்னும் இறுக்கமாக அதையே பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை இரண்டாம் தரம் மணையில் இருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டது மட்டும் இன்னும் காதில் நிற்கிறது:

"மாமா, நான் எத்தினை தரம் பெரியபிள்ளை ஆகோணும்?"

ஜெர்மன் கமரா

பழைய கமராவின் பொத்தான்கள் தேய்ந்தபோது, சுவிஸில் இருக்கிற என் மருமகன் விடுமுறையில் வரும்போது நல்ல கமரா ஒன்று கொண்டுவந்து தந்தான். இலங்கை நேரத்தைப் போட்டும் தந்தான். திரையில் வருகிற எழுத்து முழுக்க ஜெர்மன். அதை மாற்றாமல் பிளேன் ஏறிவிட்டான். எனக்கு ஆங்கிலம் என்றாலும் அதேதான் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று தரம் கீழே, ஒரு தரம் வலது பக்கம் என்று எண்ணி வைத்து வேலை செய்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்தார். மொழியை மாற்றித் தரட்டோ என்று கேட்டார். எனக்கு விளங்கும் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வழக்கம்போல் ஆரூடம் வந்தது. இனிமேல் கமரா படம் மட்டும் எடுக்காதாம். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எத்தனை மணிக்கு, எந்த நாளில் எடுத்தது என்று தானே எழுதி வைக்குமாம். நாளைக்கு இடத்தையும் எழுதுமாம், நிற்கிற ஆட்களின் பெயரையும் எழுதுமாம்.

"நீங்கள் மறந்தாலும் இது மறக்காது அண்ணை. ஒருநாள் உங்களுக்கு எதிராயும் சாட்சி சொல்லும்."

கெட்டிமேளம்

கமரா வந்து பதினான்காம் மாதம், துணுக்காயில் நடராசா அண்ணரின் மகள் சுபாவுக்குக் கலியாணம். நடராசா அண்ணர் குளத்து வயல் நாலு ஏக்கர் செய்கிற மனிதர். மாப்பிள்ளை வவுனியா. முகூர்த்தம் காலை ஒன்பது நாற்பத்தெட்டிலிருந்து பத்து முப்பத்திரண்டு வரை. மாப்பிள்ளை பகுதி வந்த பஸ் மாங்குளத்தில் நின்றுவிட்டதால் எல்லாமே பிந்தித்தான் தொடங்கியது. ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லி இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் தொடங்கியது. நான் பொத்தானை அமர்த்தினேன். காட் நிரம்பிவிட்டது.

கையை உயர்த்தி நிற்பாட்டச் சொன்னேன். மேளம் நின்றது. நாங்கள் கையை உயர்த்தினால் எந்த மண்டபத்திலும் எல்லாம் நிற்கும், அது உங்களுக்குத் தெரியும். தாலி கட்டுகிற படம் இல்லாமல் ஒரு கலியாணமும் முடிந்ததாகக் கணக்கில்லை. மாத்திரை டப்பா என் பையில் இருக்கவில்லை. மண்டபத்தின் மறுமுனையில் லைட் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்து, நிரம்பாத காட் எது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திரும்பும் வரைக்கும் மாப்பிள்ளை இரண்டு கையிலும் தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளையின்ர கையில தாலி நிக்குது தம்பி. உம்மட கையில என்ன நிக்குது?"

பெரியப்பாவின் கண்ணாடி

கலியாணம் முடிந்து ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளால் விழுந்து காலை முறித்தார். அதற்கு முதல் மாதம்தான் அவருடைய தாய் கிணற்றடியில் வழுக்கியவர். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் யாருடைய தலையில் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வெடுத்தவர், நான் கொடுத்த பென் டிரைவைக் கொம்பியூட்டரில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் விபரத்தையும் திறந்து பார்த்திருக்கிறார். தாலி கட்டுகிற படத்துக்குப் பின்னால் பத்து ஐம்பத்தொன்று என்று இருந்ததாம். முகூர்த்தம் முடிந்து பத்தொன்பது நிமிடம். சனங்களின் போன்களிலும் தேடியிருக்கிறார். அவர் கையில் கிடைத்தவை எல்லாம் ஒருவர் அனுப்பி மற்றவர் அனுப்பி வந்த படங்கள். அவற்றில் எடுத்த நேரம் இல்லை. அனேகமானவற்றில் தாலியும் இல்லை, குறுக்கே நிற்கிற என் முதுகுதான்.

சுபாவை உடுப்புப் பெட்டியோடு துணுக்காய்க்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பரிகாரம் செய்யும்வரை என்றார்கள். பரிகாரத்துக்கு நாள் வைக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நடராசா அண்ணர் என் கடைக்கு வந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. முதலில் ஐயரிடம்தான் போனாராம். ஐயர் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார்:

"நான் நேரத்துக்குத்தான் தாலியை எடுத்துக் குடுத்தனான். மிச்சத்தைக் கமராக்காரரிட்டைக் கேளுங்கோ."

சுவர் மணிக்கூடு

நடராசா அண்ணர் போனபிறகு இருந்து கணக்குப் பார்த்தேன். கையை உயர்த்தி நிற்பாட்டியது நான். ஆனால் பத்து ஐம்பத்தொன்று என்பது என் கணக்குக்கும் அதிகமாகப் பட்டது. நாலைந்து நிமிடம் பிந்தியிருக்கும், இருபது நிமிடம் பிந்தவில்லை. கமராவை எடுத்து என் கடைச் சுவர் மணிக்கூட்டைப் படம் பிடித்தேன். அந்தப் படத்தில் எழுதியிருந்த நேரம் மணிக்கூட்டைவிட இருபத்தொரு நிமிடம் முந்தி நின்றது. மருமகன் போட்டுத் தந்த நாளிலிருந்து அதன் மணிக்கூட்டை நான் தொட்டதில்லை. எங்கே தொடுவது என்றே தெரியாது. பத்து ஐம்பத்தொன்றில் இருபத்தொன்று போனால் பத்து முப்பது. முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம்.

அதைச் சபையில் சொல்ல வேண்டும். சொல்வதென்றால், நாற்பது வருடம் படம் எடுக்கிறவனுக்குத் தன் கமராவை வாசிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு நடராசா அண்ணர் வீட்டில் மாப்பிள்ளை, அவருடைய தாய், பெரியப்பா எல்லோரும் வந்திருந்தார்கள். படித்த ஒரு ஆள் நின்றால் நல்லது என்று நடராசா அண்ணர் மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தார். அவருக்கு முன்னால்தான் நான் சொன்னேன். இதில் இருக்கிற எழுத்து எனக்குத் தெரியாது, பொத்தானை எண்ணித்தான் அமத்துகிறனான், அதன் மணிக்கூட்டை ஒருநாளும் பார்த்ததில்லை என்றேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் இருந்த மணிக்கூட்டையும் தன் கைமணிக்கூட்டையும் ஒன்றாகப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மாஸ்டர் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். இருபத்தொன்று. கழித்துப் பாருங்கோ என்று மட்டும் சொன்னார்.

பெரியப்பா ஒரு கடதாசியில் கழித்தார். இன்னொரு தரம் கழித்தார். மாப்பிள்ளையின் தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. மாப்பிள்ளை ஊன்றுகோலைத் தேடினார். சுபா குசினி வாசலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், முன்னுக்கு வந்து கேட்டாள்:

"நான் வெளிக்கிடட்டோ, இல்லாட்டி இன்னும் ஒரு படத்தைப் பாக்கோணுமோ?"

நிமிடக் கணக்கு

அவள் அன்றே போனாள். வான் வண்டியின் பின்கதவை மூடும்போது நடராசா அண்ணர் என் கையைப் பிடித்தார். அதற்குள் மல்லாவிச் சந்தையில், என் கமரா ஜெர்மன் பேசும் கதை பரவிவிட்டது. இரண்டு கலியாணம் கைவிட்டுப் போனது. கதவடியில் நின்று, மணிக்கூடு சரியோ அண்ணை என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நான் தாங்குவேன். அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரும் எனக்குத் தெரியும்.

தாங்க முடியாதது மற்றது. துணுக்காயால் வந்த அடுத்தநாள் காலை மாஸ்டர் கடைக்குள் வந்து, கதிரையில் இராமல் நின்றபடியே தன் போனை நீட்டினார். அந்தக் கலியாணத்துக்கு அவரும் வந்தவர் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. திரையில் என் முதுகு. என் தோளுக்கு மேலால் மாப்பிள்ளையின் கை, கையில் தாலி, சுபாவின் குனிந்த தலை. மேலே நேரம்: பத்து முப்பத்தேழு. போன் தன் நேரத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், பிழை விடாது. இருபத்தொரு மாதத்தில் இருபத்தொரு நிமிடம் என்றால், கமரா மணிக்கூடு மாதத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்று அவர் பதமாகச் சொன்னார். இப்போது இருபத்தொரு நிமிடம் முந்தி நிற்கிற கமரா, ஏழு மாதத்துக்கு முந்தி, கலியாணத்தன்று, பதினாலு நிமிடம்தான் முந்தி நின்றிருக்கும். ஆக, தாலி ஏறியது ஐந்து நிமிடம் பிந்தி. நான் மாத்திரை டப்பாவைத் தேடிய அதே ஐந்து நிமிடம். பெரியப்பா கடதாசியில் கழித்துக்கொண்டிருந்தபோதே மாஸ்டருக்கு இது தெரியும். அந்தப் படம் அப்போது அவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

அவர் எனக்குத் தெரியும்படி போனைப் பிடித்து, அந்தப் படத்தை அமர்த்தி அழித்தார். அழித்ததைப் போட்டு வைக்கிற இன்னொரு இடம் இருக்கிறதாம், அதற்குள்ளும் போய் அழித்தார். பிறகு, வழக்கமான தேநீருக்கும் நில்லாமல், நான் கேட்காத காரணத்தையும் சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனார்:

"போனில இடம் காணாது அண்ணை."

அன்றிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. இருபது வருடமாக அவர் சொன்னவற்றை எல்லாம் மன்னித்துவிடலாம் போல இருக்கிறது, அன்று அவர் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.